பாட்டியின் செவி: வீணை தனம்மாள் நினைவுரை



திண்டிவனத்திலிருந்து மரக்காணம் நோக்கிச் செல்வோர்க்குத் தொலைவிலேயே கண்ணில் படுவது பெருமுக்கல் குன்று. குன்றின் மேல் முக்தியாலீசுவரர் கோயில். அதன் கற்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள். சீதை குகை என்று ஊரார் வழங்கும் இடத்தில், எழுத்து அறியாத காலத்து மனிதர் பாறையில் கீறிவைத்த உருவங்கள். கல்லை நம்பி நினைவை ஒப்படைத்த ஊர் இது. இங்கே கூடிப் பத்தாண்டு காலம் கவிதை பேசிய ஒரு வட்டம், கல்லில் எழுத இயலாத ஒரு செல்வத்தைக் காத்துத் தந்த மூதாட்டி ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமே ஆகும்.

அதற்கு முன் தஞ்சைக்கு ஒரு முறை சென்று வர வேண்டியிருக்கிறது. இராசராசன் எடுப்பித்த பெரிய கோயிலின் கல்வெட்டு, அங்கே குடியேற்றப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பதிவு செய்திருக்கிறது. ஒவ்வொருவர் பெயர், அவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் என்று அக்கல் கணக்குப் பிசகாமல் கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் ஓர் எழுத்தும் நம் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் அந்த நானூற்றுவர் எப்படிப் பாடினர், எந்தச் சொல்லில் நின்றனர், எந்தச் சுரத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டனர் என்பதைக் கல் கூறவில்லை. கூறவும் முடியாது. குரலில் எழுதியதைக் குரலே படிக்க வேண்டும். ஒரு தலைமுறை வாய் மூடிவிட்டால், அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது பெயரும் நெல்லளவும் மட்டுமே.

அத்தகைய இழப்பு நேர இருந்த ஒரு காலத்தில், அது நேராமல் தடுத்த ஒரு வீட்டின் தலைவியே வீணை தனம்மாள். 1867ஆம் ஆண்டு சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்து, 1938ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் மறைந்தவர். அவரது முன்னோர் தஞ்சை அரசவையில் இசையும் நடனமும் பயின்ற மரபினர். பாட்டியார் காமாட்சி அம்மாள் நடனக் கலைஞர். தாயார் சுந்தரம்மாள் பாடகர். தஞ்சை அரசின் ஒளி மங்கிய காலத்தில் கலைஞர் பலர் சென்னையை நாடியது போல இக்குடும்பமும் நாடிற்று. பேத்தியரின் பெயர்களுக்கு முன் நின்ற 'டி' என்னும் முதலெழுத்து அந்தத் தஞ்சாவூரைக் குறிப்பதேயாகும்.

அம்மரபில் குடும்பம் தாய்வழியே சென்றது. மூத்த பெண்மணியே வீட்டின் தலைவி. கலையும் உடைமையும் தாயிடமிருந்து மகளுக்கு வந்தன. ஆகையால் அங்கே பாட்டி என்பவர் பேரக்குழந்தைகளுக்குக் கதை சொல்லித் தூங்க வைக்கும் முதியவராக மட்டும் இருக்கவில்லை. பள்ளிக்கூடமும் அவரே, பாடநூலும் அவரே, தேர்வு நடத்துபவரும் அவரே. தனம்மாளை ஆசிரியர் என்றும் பாட்டி என்றும் இரண்டாகப் பிரித்துப் பேச இயலாமைக்குக் காரணம் இதுவே.

வீட்டுச் செல்வத்தோடு அவர் நின்றுவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. சாத்தனூர் பஞ்சுவையரிடம் முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனங்களைக் கற்றார். வீணை குப்பையரின் மைந்தர் திருவொற்றியூர் தியாகையரிடமும் பாடம் பெற்றார். கண்பார்வையற்ற வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாசர் க்ஷேத்ரய்யாவின் பதங்களை அவருக்கு அளித்தார். தருமபுரி சுப்பராயரின் ஜாவளிகள் அவ்வீட்டில் குடிபுகுந்தன. சியாமா சாஸ்திரிகளின் உருப்படிகள் குடும்ப உறவு போலவே அங்கே வாழ்ந்தன. இளமையில் தங்கை ரூபவதியோடு இணைந்து பாடிய தனம்மாள், பின்னர் வீணையே தம் குரல் என்னும்படி வாழ்ந்தார்.

கவிஞர்கள் கூடிய இந்த அவையில் பதம் என்னும் வடிவத்தைப் பற்றிச் சிறிது விரித்துரைப்பது தகும். பதம் அளவில் சிறியது. பல்லவி, அனுபல்லவி, ஓரிரு சரணங்கள், அவ்வளவே. பெரும்பாலும் ஒரு பெண்ணின் கூற்றாக அமைவது. காதலனிடம் பேசுகிறாள், தோழியிடம் முறையிடுகிறாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். அகப்பாட்டின் தலைவியையும் தோழியையும் அறிந்த தமிழ்க் கவிஞர்க்கு இவ்வுலகம் புதியதன்று. 17ஆம் நூற்றாண்டில் க்ஷேத்ரய்யா தெலுங்கில் செய்த பதங்களும், முத்துத் தாண்டவர், கனம் கிருஷ்ணையர், வைத்தீசுவரன்கோயில் சுப்பராமையர் முதலியோர் தமிழில் செய்த பதங்களும் இவ்வகையினவே. இவற்றை மிக மெதுவான காலத்தில் பாட வேண்டும். மெதுவாகப் பாடுவதில் ஓர் இடர் உண்டு. சொல் சிதைந்துவிடும், இசை நீண்டு சொல்லை விழுங்கிவிடும். சொல்லும் சிதையாமல், இராகமும் குறையாமல், அந்தப் பெண்ணின் மனநிலையும் மறையாமல் ஒரே மூச்சில் மூன்றையும் காப்பவரே பதம் பாட வல்லவர். தாளில் எழுதிவைத்தால் பதம் ஓர் எலும்புக்கூடு. அதன் தசையும் உயிரும் செவிவழியாகவே வர வேண்டும்.

அந்தச் செவிதான் தனம்மாளின் பெருஞ்சிறப்பு. வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் தம் வீட்டில் வீணை வாசித்தார். மிருதங்கம் இல்லை. ஒலிபெருக்கி இல்லை. விரல் நுனியில் கம்பி வளையம் மாட்டிக்கொள்ளாமல் வெறும் விரலாலேயே மீட்டினார். நாதத்தோடு இழைந்து மெல்லிய குரலில் தாமும் பாடினார். அந்த ஒலி அறையைத் தாண்டாது. கேட்க வந்தவரே தம்மை அடக்கிக்கொண்டு அதனை அணுக வேண்டும். பேச்சும் அசைவும் அங்கே பொறுக்கப்படவில்லை. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போன்ற பெருவித்துவான்களும் அந்த அறையில் கேட்போராக அமர்ந்தனர். மேடையில் ஆயிரவர் முன் பாடியவர்கள், அங்கே வாய் திறவாத மாணவர்களாயினர்.

அவருடைய ஆலாபனை நீளமானதன்று என்பது கேட்டோர் அனைவரும் ஒருமித்துச் சொல்லும் செய்தி. ஓர் இராகத்தின் முகம் தெரிவதற்கு எத்தனை பிடிகள் வேண்டுமோ அத்தனையே. அதற்கு மேல் ஒன்று வாசிப்பது மிகை. ஒன்று குறைவது ஊனம். சொற்சுருக்கத்தைக் கவிதையின் அறமாகக் கொண்டவர்கள் அம்மையாரைத் தம் இனத்தவராகவே கருதலாம்.

தனம்மாளுக்குப் பெண்மக்கள் நால்வர்: ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜெயம்மாள், காமாட்சி. காமாட்சியின் மகள்கள் பிருந்தா, முக்தா, அபிராமசுந்தரி. ஜெயம்மாளின் மக்கள் பாலசரசுவதி, ரங்கநாதன், விசுவநாதன். லட்சுமிரத்னத்தின் மகன் டி. சங்கரன். பாட்டியார் மறைந்த 1938இல் பிருந்தாவுக்கு வயது 26, பாலசரசுவதிக்கு 20, ரங்கநாதனுக்கு 13, விசுவநாதனுக்கு 11. இளையவர்க்குக் கிடைத்த காலம் குறுகியது. ஆனால் அவ்வீட்டில் பாடம் என்பது மணியடித்துத் தொடங்குவதன்று. அன்னையர் பாடுவதும், பாட்டி வாசிப்பதும், வந்த வித்துவான்கள் கேட்பதும், கேட்டபின் பேசுவதும் எல்லாம் பாடமே. பேசக் கற்குமுன் குழந்தை இராகம் கேட்டது. எது சரி என்பதைச் சொல்லித் தெரிந்துகொள்வதற்கு முன்பே, எது தவறு என்பதை மூத்தோர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

ஆசிரியராக அம்மையார் செய்த ஒரு முடிவு தனியே எண்ணத்தக்கது. பேத்தி பிருந்தா காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயில அனுப்பப்பட்டார். நாயனாப் பிள்ளையின் இசை லயத்தில் மலை போன்றது. திருப்புகழின் கடினமான தாளங்களில் திளைத்தவர். மேடையில் தாளக் கருவிகள் பல சூழப் பாடியவர். தாளக் கருவி ஒன்றுமின்றி வீணையோடு மட்டும் அமர்ந்த பாட்டியின் வழிக்கும் அவர் வழிக்கும் உள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்தை அறிந்தே அவ்வீடு தன் பிள்ளையை அங்கே அனுப்பிற்று. தன் நடையைப் போல இன்னொரு நடையை உண்டாக்குவது ஆசிரியப் பணியாகாது. தன்னிடம் இல்லாததையும் மாணவர் பெறச் செய்வதே ஆசிரியப் பணி. பிருந்தாவின் பாட்டில் பதத்தின் நிதானமும் கீர்த்தனத்தின் கட்டும் ஒருங்கே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பாலசரசுவதி நடனம் பயின்றார். தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்ப பிள்ளை அவருக்கு ஆசான். 1925இல், ஏழாம் வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. ஆண்டுகள் பலவாக அவர் ஆடிய மேடைகளில் தாயார் ஜெயம்மாள் அருகமர்ந்து பாடினார். பாட்டியின் வீணையில் ஒலித்த பதம், தாயின் குரலில் இறங்கி, பேத்தியின் விழியிலும் விரலிலும் தோன்றிற்று. மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே வரியை மூன்று வகையாகச் சொன்ன அரிய நிகழ்ச்சி அது.

இவ்வளவும் அமைதியான காலத்தில் நடந்தது என்று எண்ணிவிடலாகாது. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறை ஒழிப்புக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 1947இல் சட்டம் நிறைவேறியது. சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டு அவர்தம் வாழ்வைப் பிறர் கையில் ஒப்படைத்த கொடுமையை ஒழிக்க எழுந்த அந்த முயற்சியின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. அம்மரபிலேயே பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' என்னும் நாவலை எழுதியது அந்த வேதனையின் ஆழத்தைக் காட்டும். ஆயினும் வாழ்க்கை முறையின் மீது விழுந்த பழி, அம்மரபினர் காத்த கலையின் மீதும் விழுந்தது. பாடிய பெண்கள் பாட்டை மறைத்தனர். பிள்ளைகளுக்குக் கற்பிக்க அஞ்சினர். எத்தனையோ வீடுகளில் பதங்கள் மூதாட்டியரோடு சிதையேறின. பழியும் பாட்டும் ஒரே கூடையில் கொட்டப்பட்ட காலம் அது.

அந்தக் காலத்தில்தான் ஜார்ஜ் டவுனில் வெள்ளிக்கிழமை தவறாமல் வீணை ஒலித்தது. தனம்மாள் மேடையேறித் தம் குலத்துக்காக வாதாடினார் என்று சொல்வதற்கில்லை. அவர் செய்தது வேறு. நகரத்தின் தலைசிறந்த செவிகளைத் தம் வீட்டுக்கு வரச் செய்தார். பொருள் முடை அவ்வீட்டை அடிக்கடி வருத்தியது. முதுமையில் கண்ணொளியும் மங்கிற்று. எனினும் இசையின் தரத்தை ஒரு நூலிழையும் இறக்கி விற்க அவர் உடன்படவில்லை. பழித்தவர்க்கு அவர் அளித்த விடை அந்த நாதமே.

இங்கே ஒரு வினா எழுகிறது. இசையன்பர்களே பலமுறை எழுப்பிய வினா அது. இவ்வளவு பெரிய செல்வத்தை ஒரு சிறிய அறையில், ஒரு சிலர்க்கு மட்டும் வைத்தது சரியா? இன்று அவரது வாசிப்பு என்று கேட்கக் கிடைப்பவை, முதிய வயதில் பதிவான சில இசைத்தட்டுகளே. சில நிமிடங்களுக்குள் அடங்கிய அத்தட்டுகளில் முழுத் தனம்மாளைக் காண இயலாது. இன்னும் பலர்க்குக் கற்பித்திருந்தால், இன்னும் எளிதாக்கித் தந்திருந்தால், இழந்தவை குறைந்திருக்குமே என்ற ஏக்கம் நியாயமானது. அவரோடு மறைந்தவை பல உண்டு என்பதும் உண்மை.

வினாவின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அவ்வீட்டுக் கதவு முற்றிலும் மூடியிருக்கவில்லை. குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த சாவித்திரி ராஜன் அவரிடம் கற்றார். ஆர். ரங்கராமானுஜ ஐயங்கார் அவ்வாசிப்பைத் தவம்போல் கேட்டு, பிற்காலத்தில் 'கிருதிமணிமாலை' என்னும் பெருந்தொகுப்பில் உருப்படிகளைச் சுரப்படுத்தி அச்சேற்றினார். அதற்கும் மேலாக, பாட்டி இறுகப் பிடித்துக் காத்ததைப் பேரப்பிள்ளைகள் கை விரித்து வழங்கினர். பிருந்தா சென்னையின் மத்திய கருநாடக இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். எம்.எஸ். சுப்புலட்சுமி போன்ற புகழ்பெற்ற பாடகரும் பதம் கற்க அவரையே நாடினார். அருணா சாயிராம், சித்திரவீணை ரவிகிரண் முதலிய பின்தலைமுறையினரும் அவரிடம் பாடம் பெற்றனர். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் அவர் கற்பித்தார். பாலசரசுவதி 1961இல் டோக்கியோவிலும், 1962 முதல் அமெரிக்காவிலும், 1963இல் எடின்பரோவிலும் ஆடினார். விசுவநாதனின் குழலும் ரங்கநாதனின் மிருதங்கமும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அந்நிய நாட்டு மாணவர்க்குப் பாடமாயின. டி. சங்கரன் வானொலியில் பணியாற்றி, இசை வரலாற்றை எழுத்தில் வைத்தார்.

வழங்குவதற்கு ஒன்று கையில் இருந்தாக வேண்டும். பாட்டி தரத்தை நெகிழ்த்தியிருந்தால் பேத்தியரின் கையில் என்ன இருந்திருக்கும்? காப்பவர் ஒரு தலைமுறை, கொடுப்பவர் மறு தலைமுறை என இரு பணிகள் அடுத்தடுத்து நிகழ்ந்தமையே அவ்வீட்டின் பேறு. காத்தலோடு நின்றிருந்தால் அது புதையலாகி மண்ணுள் போயிருக்கும். காவாது கொடுத்திருந்தால் கொடுத்தது பதராக இருந்திருக்கும்.

1975 டிசம்பரில் சென்னைத் தமிழிசைச் சங்க மாநாட்டில் பாலசரசுவதி ஆற்றிய தலைமையுரை இங்கே நினைக்கத்தக்கது. பரதநாட்டிய நிகழ்ச்சியின் வரிசையை அவர் ஒரு கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், ஜதிசுவரம் அர்த்த மண்டபம், சப்தம் மண்டபம், வருணத்தில் இறைவனின் சன்னிதிக்குள் நுழைகிறோம். அதன்பின் வரும் பதமோ, ஆரவாரம் அடங்கி, கருவறையின் அமைதியில் தெய்வத்தின் முன் தனித்து நிற்கும் நேரம். தில்லானா, கடைசியில் ஏற்றும் கர்ப்பூரம். நடனத்தில் சிருங்காரம் தகாது என்று பலரும் பேசி அதனைத் துடைத்தெறிய முயன்ற நூற்றாண்டில், காதலைப் பாடும் பதத்தைக் கருவறையில் கொண்டு நிறுத்தியது அந்த ஒப்புமை. அவ்வமைதியைப் பாலசரசுவதி எங்கே முதலில் கண்டிருப்பார்? ஒரு சிறு அசைவையும் பொறாத வெள்ளிக்கிழமை அறையைத் தவிர வேறு விடை தோன்றவில்லை.

சங்கீத கலாநிதி என்னும் பட்டம் அம்மையார் மறைந்த பின்னரே ஏற்பட்டது. ஆதலின் அவர்க்கு அது இல்லை. பேத்தி பாலசரசுவதிக்கு 1973இலும், பேத்தி பிருந்தாவுக்கு 1976இலும், பேரன் விசுவநாதனுக்கு 1988இலும் அது வந்தது. 2010இல் இந்திய அஞ்சல் துறை தனம்மாளின் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. பழிக்கப்பட்ட மரபின் மூதாட்டி ஒருவர் நாட்டின் மடல்களில் பயணம் செய்தார். பேரப்பிள்ளைகளும் ஒவ்வொருவராக மறைந்தனர். பாலசரசுவதி 1984இல், ரங்கநாதன் 1987இல், பிருந்தா 1996இல், விசுவநாதன் 2002இல், முக்தா 2007இல். ஆயினும் அவர்தம் மாணவரும் மாணவரின் மாணவரும் பதம் பாடுகின்றனர். அந்தப் பாட்டில் ஒரு சொல் தன் இடத்தில் சரியாக நிற்கும்போதெல்லாம், 1938இல் மறைந்த ஒரு பாட்டியின் செவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கவிஞர்களுக்கு இவ்வரலாற்றில் பங்கு உண்டு. அச்சுப் பொறி வந்த பிறகு, எழுதியது நின்றுவிடும் என்ற நம்பிக்கை புலவர்க்குப் பெருகிற்று. பெருமுக்கல் கல்வெட்டைப் போலத் தம் வரியும் நிற்கும் என்று எண்ணுகிறோம். கல்வெட்டும் படிப்பார் இன்றேல் வெறும் கீறலே. ஒரு கவிதை வாழ்வதற்கு எழுதியவர் ஒருவர் போதாது. அதன் ஒவ்வோர் அசையையும் விடாமல் கேட்டு, பிழை கண்டால் முகம் சுளித்து, சரியான இடத்தில் அமைதியாக மகிழும் ஒருவர் வேண்டும். பாராட்டும் கூட்டம் எளிதில் கிடைக்கும். அத்தகைய செவி எளிதில் கிடைப்பதன்று. பத்தாண்டுகள் ஓர் ஊரில் கூடி ஒருவர் கவிதையை ஒருவர் கேட்டது இவ்வட்டத்தின் சாதனை என்றால், அந்தக் கேட்டல் எவ்வளவு கூர்மையானது என்பதே அச்சாதனையின் அளவுகோல்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கிறார். தாலாட்டோ, கும்மியோ, ஒப்பாரியோ, நடவுப் பாட்டோ ஏதோ ஒன்று அவரிடம் இருக்கிறது. திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் சூழ்ந்த சிற்றூர்களில் அவ்வாறு எத்தனையோ பேர். அவர்கள் தனம்மாள் ஆகாமல் இருக்கலாம். ஆனால் அவர்கள் பாட்டும் கல்லில் இல்லை. அவர்கள் வாயில் இருக்கிறது. அருகமர்ந்து கேட்கும் பேரனோ பேத்தியோ இருக்கும்வரைதான் அது இருக்கும். அடுத்த பத்தாண்டுகளில் இவ்வட்டத்தினர் எழுதப்போகும் கவிதைகளோடு, கேட்கப்போகும் பாட்டிமாரின் எண்ணிக்கையும் பெருகட்டும்.

வீணை தனம்மாளின் நினைவுக்கு வணக்கம்.